வாடகைக் கேக்

மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
நூற்று எண்பது ரெயால் என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டேன்.
இதற்கு மேல் ஒரு காசு இல்லை என்பதற்கு ஒரு கோடு.
இன்னொன்று, என்னை நானே நம்பாததற்கு.

வரும் சனிக்கிழமை கயோவுக்கு நான்கு வயது.
எந்த மாதிரி விழா வேண்டும் என்று கேட்டேன், பயந்துகொண்டே.
டைனோசர் என்பான், கடற்கொள்ளைக்காரன் என்பான்,
அரக்காஜுவின் கடைத்தெரு முழுக்க
அதற்கெல்லாம் தட்டும் தொப்பியும் தோரணமும்
விலைச்சீட்டோடு தொங்குகின்றன.
அவன் யோசிக்கவே இல்லை.
"குப்பை லாரி."

பிள்ளை பெற்ற கணக்கில்
அன்றைக்குத்தான் வரவு என்று ஒன்று எழுதினேன்.
குப்பை லாரிக்கு யாரும் தோரணம் விற்பதில்லை.
கறுப்புப் பை ஒரு சுருள், ஏழு ரெயால்.
ஆரஞ்சுத் தாள் நான்கு.
மருந்துக்கடையில் கேட்டால் அட்டைப்பெட்டி சும்மா.

கெட்டிப்பால் டின்தான் கையைக் கடித்தது.
டின்னுக்கு இருபத்தைந்து சாக்லேட் உருண்டை வருமாம்.
நான் நாற்பது உருட்டினேன்,
கோலிக்குண்டு அளவில்.
சின்ன வாய்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.
கூட வரும் அப்பன்மார்களின் வாய்
அப்போது நினைவுக்கு வரவில்லை.

அழைத்தது பதினான்கு பிள்ளைகள்.
அழைக்காமலே வரும் அக்கா தம்பிகளுக்கு ஏழு கூட்டினேன்.
என் தம்பி ஜெனிவால்டோவை ஆள் கணக்கில் வைக்கவில்லை,
பலூன் பம்ப் கணக்கில் வைத்தேன்.

மேசை நடுவே கேக் நிற்க வேண்டுமே.
மார்லூஸி தன் மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறாள்:
தெர்மோகோல் கேக்குகள்.
மூன்றடுக்கு, உச்சியில் பொன்நிற நட்சத்திரம்.
படத்துக்கு அது. வயிற்றுக்கு,
சமையலறைத் தட்டில் சோளமாவுக் கேக்.
வாடகை முப்பது.
"உடைந்தால் தொண்ணூறு" என்று விரலை ஆட்டினாள்.
யார் உடைக்கப்போகிறார்கள் என்றேன்.

மழை வருகிறேன் என்று மிரட்டிவிட்டுப் போய்விட்டது.
வாழ்த்துப் பாடிக் கைதட்டி
சோளக் கேக்கை வெட்டினோம்.
முதல் துண்டு யாருக்கு? எங்கள் ஊரில் அது ஒரு தேர்தல்.
நானும் அவன் அப்பாவும் மாமியாரும்
எங்கேயோ பார்ப்பதுபோல் நின்றோம்.
தானே வாயில் போட்டுக்கொண்டான்.

ஆறரை மணி லாரி அன்று ஆறு பத்துக்கே வந்தது.
தெருமுனையில் அதன் முனகல் கேட்டதுமே
இருபத்தொரு பிள்ளைகளும் வாசலில்.
பின்படியில் தொங்கிய ஆரஞ்சுச் சட்டைக்காரர் இருவர்
தங்கள் லாரியை எங்கள் சுவரில்
அட்டையாய்ப் பார்த்தார்கள்.
ஒருவர் விசிலடித்து வண்டியை நிறுத்தினார்.

நான் கோப்பைகளில் குவரானா ஊற்றிக்கொண்டிருந்தேன்,
பாதிக்கு மேல் போகாமல்.
திரும்பினால்
மூன்றடுக்கும் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது,
கேக்குக்குக் கால் முளைத்த மாதிரி.
"கயோ!"
"இதைச் சாப்பிட முடியாதும்மா. குப்பை."

வாங்கிக்கொண்ட மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேனா,
இப்போதும் எனக்குத் தெரியவில்லை.
இரும்புத் தகடு இறங்கியது.

பொறபொறவென்று ஒரு சத்தம்.
பிறகு வெள்ளை மணிகள்,
லாரியின் வாயிலிருந்து, காற்றேறி,
ஓட்டுக்கூரை மேல், மின்கம்பி மேல்,
பிள்ளைகளின் வியர்த்த கழுத்தில்.
பனி எப்படியிருக்கும் என்று
இந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.
கத்திய கத்தலில் மார்லூஸியின் ஜன்னல் திறந்தது.

மூன்று தவணை என்று பேசி முடித்திருக்கிறேன்.
இரண்டு கோட்டுக்கும் கீழே தொண்ணூறு என்று எழுதி
எந்தச் செலவில் சேர்ப்பது என்று தெரியாமல்
பேனாவை மூடிவிட்டேன்.
தலையணையெல்லாம் மணி.
பெருக்கிக் கட்டிய பை வாசலில் இருக்கிறது.
அடுத்த லாரி செவ்வாய்க்கிழமை.
இரண்டு முறை கேட்டுவிட்டான்.