அரைப்பேர்

கிரகரி வாவியோரம் எதுவும் காய்வதில்லை.
கொடியில் போட்ட சேணத்துணி
மூன்று நாளாய் மூத்திர வாடையோடு தொங்குகிறது.
லாயத்துத் தகரத்துக்கு உள்பக்கமும் மழை.

"சும்மா அழுதுகிட்டே இருக்கா டாக்டர்,
இந்த இடது கண்ணு."
ராயப்பன் துணியை நனைத்துத் துடைக்கப் போனார்.
துஷாரிக்கா டாக்டர் அவர் கையைத் தட்டிவிட்டார்.
"கழுவ வேணாம். சொட்டு விட வேணாம்.
முதல்ல அளக்கணும்."
கண்டி பஸ்ஸில் பழகிய தமிழ்,
டிக்கட் அளவுக்குத்தான் பேசும்.

நெருப்புக்குச்சி நீளத்தில் ஒரு காகிதம்.
நுனியை மடித்து
கீழ் இமைக்குள் கொக்கிபோல மாட்டினார்.
வாங்கிய நாளையே பேராக வைத்திருக்கும்
எங்கள் புதன்கிழமை
தலையை உதறாமல் நின்றாள்.
என் போனில் ஒரு நிமிஷம் ஓடியது.

பதினொரு வருஷம் கொழுந்தெடுத்தவள் நான்.
தராசு முள் நிற்கும்வரை
மூச்சை அடக்கத் தெரியும்.
பதினெட்டுக் கிலோவுக்கு முழுப்பேர்,
பதினேழரைக்கு அரைப்பேர்.
மழை நாளில்
இலையின் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள்.
இங்கே
ஈரம்தான் எடை.

வலது கண் காகிதம் நிமிஷத்துக்கு முன்பே
இருபத்திரண்டைத் தாண்டிவிட்டது.
இடது, நாலு.
நாலிலேயே நின்றது,
நான் போனை உற்றுப் பார்த்தும்.

அது அழுகை இல்லையாம்.
சளியும் சீழும்.
காய்ந்த கண் அப்படித்தான் ஒழுகுமாம்.
தொங்கிய காதையும்
ஒரு பக்கம் இழுத்த உதட்டையும் தொட்டுக் காட்டி
"எங்கயாவது விழுந்தாளா?
கன்னத்துல வளையம் அழுத்தினதா?" என்றார்.

ராயப்பன் வாவியைப் பார்த்தார்.
சித்திரை சீசனின் கடைசி இரவு,
லொறிக்குள் சரிந்து
இரும்பு வளையத்தின்மேல் கன்னம் அழுந்த
விடியும்வரை கிடந்திருக்கிறாள்.
இவர் முன் சீட்டில் தூங்கியிருக்கிறார்.
எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு பச்சைச் சாயம் விட்டுப் பார்த்தார்.
புண் இருக்கிறது, சின்னது.
நாலு மணிக்கொரு தரம் சொட்டு, படுக்குமுன் களிம்பு.
குப்பி இரண்டாயிரத்து நானூறு, பத்து நாளைக்கு வரும்.
எத்தனை பிள்ளைகள்
எத்தனை சுற்று
என்று போட்ட கணக்கைப் பாதியில் விட்டேன்.

பெட்டியை மூடும்போது காகிதம் ஒன்று மிச்சம்.
"ஒங்களுக்கும் பார்க்கவா?" என்று சிரித்தார் டாக்டர்.
வேண்டாம்.
என்னை நிறுத்தது போதும்.

இரவு பத்து மணி. டார்ச்சைப் பல்லில் கடித்திருக்கிறேன்.
சொட்டு விழுந்ததும்
அவள் இமை பாதிதான் இறங்குகிறது.
மிச்சப் பாதியை
என் கட்டைவிரலால் மூடிவைத்து
அறுபது எண்ணுகிறேன்.