விலக்கு

மை உறைந்துபோயிருந்தது.
புட்டியை அக்குளில் இடுக்கி இளக்கிக்கொண்டிருந்தபோது
அவளைக் கொண்டுவந்தார்கள்.

ஃபெத்தீனியா. எவ்தோக்கிமின் மகள். கைம்பெண்.
வெண்கடல் கரையில் உப்புக் காய்ச்சுகிறவள்.
வயது கேட்டேன்.
"மீன் வராத வருடத்துக்கு முந்தைய குளிரில் பிறந்தேன்."
நாற்பது என்று போட்டுக்கொண்டேன்.

குற்றம்: இரண்டு விரலால் சிலுவையிடுவது.
மாஸ்கோவின் புதிய புத்தகங்கள்
எங்கள் கரைக்கு வந்து பல வருடமாகிறது.
இனி மூன்று விரல்.
கட்டைவிரலும் அடுத்த இரண்டும் நுனி சேர வேண்டும்,
அவ்வளவுதான் என்றார் ஆளுநர்.
சாப்பிட்டு வந்திருந்தார், நல்ல மனநிலை.
"ஒரே ஒரு விரலுக்காகவா, பெண்ணே,
இத்தனை விறகை வீணாக்கச் சொல்கிறாய்?"

விறகு முற்றத்தில் அடுக்கியிருந்தது.
ஜன்னல் வழியே பார்த்தாள்,
சந்தையில் விலை கேட்கப் போகிறவள் போல.
"பச்சை பைன். புகையும். சீக்கிரம் பிடிக்காது."
கொப்பரைக்கு அடியில் பாதி ஆயுளைக் கழித்தவள்.
சரியாகத்தான் இருக்கும்.

அப்போதுதான் அந்தக் கையைக் கவனித்தேன்.
வலது கை. கட்டைவிரல் இல்லை.
அடியோடு போயிருந்தது.
கோடரியா, கொப்பரைச் சங்கிலியா, கேட்கவில்லை.
மோதிரவிரலும் சுண்டுவிரலும்
தொட்டுக்கொள்ளத் துணையின்றி மடிந்து கிடக்க
மற்ற இரண்டும் நிமிர்ந்து நின்றன.

நான் இருபது வருடமாகத் தீர்ப்பு எழுதுகிறவன்.
சட்டத்தில் எங்கே ஓட்டை என்று என் மூக்குக்குத் தெரியும்.
எழுந்துபோய் ஆளுநரின் காதில் சொன்னேன்:
கட்டைவிரலே இல்லாதவள் மூன்றை எப்படிச் சேர்ப்பாள்?
மறுத்தவள் என்று எழுத வேண்டாம்,
இயலாதவள் என்று எழுதலாம்.

யோசித்தார்.
மறுநாள் அவர் மகளுக்கு நிச்சயம்.
திரைச்சீலைகளில் புகைநாற்றம் ஏறிவிடுமே என்றுகூட
யோசித்திருக்கலாம்.
"எழுது" என்றார்.

எழுதினேன். மணல் தூவினேன். உரக்கப் படித்தேன்.
'மேற்படியாள் வலக்கைக் கட்டைவிரலை இழந்தவளாதலால்
புதிய முறையில் சிலுவையிட இயலாதவள்;
ஆதலால் விடுவிக்கப்படுகிறாள்.'
இரண்டு ஆதலால். இருந்தாலும் அழகான வாக்கியம்.

அவள் கண் நிறைந்தது.
நன்றி என்று நினைத்தேன்.
புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு
"இயலாதவள் இல்லை" என்றாள்.
"விரல் போனது போன வருடம்.
இருந்த நாளிலும் சேர்க்கவில்லை.
இன்றைக்கு முளைத்தாலும் சேர்க்க மாட்டேன்.
அதை எழுதுங்கள்."

பைத்தியமே, இது வெறும் தாள் என்றேன், மெதுவாக.

"தாள்தான். என் பெயர் போட்டிருக்கிறீர்களே."

பயமே இல்லாதவள் என்று பிற்பாடு யாராவது பாடினால்
நம்பாதீர்கள்.
பாவாடைக்குள் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது.
இரண்டு முறை தண்ணீர் கேட்டாள்,
இரண்டாவது தடவை பாதி சிந்திவிட்டது.
ஆட்டுக்கு யார் தீனி வைப்பார்கள் என்று
காவல்காரனிடம் கேட்டாள்.
அவன் கூரையைப் பார்த்தான்.

நான் உப்பைத் தின்றவன்.
எழுதச் சொன்னால் எழுதுவேன், அடிக்கச் சொன்னால் அடிப்பேன்.
'இயலாதவள்' மேல் ஒரு கோடு போட்டேன்.
யார் காய்ச்சிய உப்பு என்று
அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

கையெழுத்துக்குப் பதிலாக ஒரு குறி வேண்டும்.
இறகை இரண்டு விரலிடுக்கில் செருகிக்கொண்டு
சிலுவை போட்டாள்.
கோணல். ஆனால் ஆழம்;
அடுத்த தாளிலும் பதிந்திருந்தது.
அதில் வேறொருவனின் மாட்டுத் திருட்டு வழக்கு.

விறகு, அவள் சொன்னபடியே, புகைந்தது.
நெடுநேரம்.

மறுநாள் நிச்சய விருந்து.
ரொட்டியும் உப்பும் முதலில் வந்தன.
எல்லோரும் சிலுவையிட்டார்கள்.
என் மூன்று விரல்களும் தாமாகவே கூடின,
பழக்கம்.
கட்டைவிரல் நுனியில் மை.
'மாட்டேன்' எழுதும்போது ஒட்டியதாக இருக்கும்.

மேசைவிரிப்பின் அடியில் துடைத்துக்கொண்டு
சாப்பிட்டேன்.