மூன்றாவது கம்ப்ரசர்

மெஹிகாலியில் ஜூலை.
நிழலிலேயே நாற்பத்தெட்டு டிகிரி.
வெயிலில் கிடந்த ஸ்பானரைத்
துணி சுற்றித்தான் எடுக்க வேண்டும்.

எவரிஸ்தோ டாக்சியை ஷெட்டுக்குள் விட்டபோது
நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை,
பானெட்டைப் பார்த்தேன்.
அதே சத்தம்.
தகர டப்பாவில் சில்லறையைப் போட்டு
உள்ளிருந்து யாரோ குலுக்குகிற மாதிரி.

வண்டியோடு பிறந்தது ஒன்று.
அது செத்ததும் நான் மாட்டியது ஒன்று.
அதுவும் போய் நான் மாட்டியது இது.

வேறெதுவாகவாவது இருக்கட்டும் என்று
எந்தச் சாமியிடமும் கேட்காமல்
நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து
முனையால் எஞ்சினைத் தொட்டுத் தொட்டுப் போனேன்.
ஆல்டர்னேட்டர்: அடைத்த போத்தலில் வண்டு.
தண்ணீர் பம்ப்: குறை சொல்ல ஒன்றுமில்லை.
பெல்ட்டைத் தாங்கும் சின்னப் புல்லியில்
லேசாக மணல் அரைபட்டது.
ஒரு நொடி சந்தோஷப்பட்டேன்.
நூற்றைம்பது பெசோ பேரிங்,
அரை மணி வேலை,
யார் பேரும் கெடாது.

ஏசியைப் போட்டேன்.
கிளட்ச் 'டக்' என்று பிடித்தது.
சில்லறை குலுங்கியது.
அணைத்தேன், நின்றது.
மறுபடி போட்டேன், மறுபடி.
நஸாரியோ வானொலியின் ஒலியைக் குறைத்துவிட்டு
என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கேஸை இறக்கி, குழாயைக் கழற்றி
எண்ணெயில் விரலை வைத்தேன்.
தேன் நிறத்தில் இருக்க வேண்டியது
சாம்பல் நிறத்தில் வந்தது.
வெளிச்சத்தில் திருப்பினால் விரல்நுனியில்
வெள்ளி மினுக்கு.

முதல் கம்ப்ரசர் சாகும்போது
தன்னையே அரைத்துப் பொடியாக்கி
கண்டன்சருக்குள் துப்பிவிட்டுப் போயிருக்கிறது.
ஊசி நுழையாத கால்வாய்கள் அதற்குள்.
எதை ஊற்றிக் கழுவினாலும் முழுதாய் வராது.
புதிதாக வருகிறவன் குடிப்பது
செத்தவனின் இரும்பை.

இது எனக்குத் தெரியாததில்லை.

இரண்டு வருஷம் முன்பு இதே மேசையில்
அவர் நோட்டுகளை எண்ணி, மறுபடி எண்ணி,
மகள் ரொசாவுராவின் பல்லுக்கென்று
கொஞ்சத்தைத் தனியே மடித்து வைத்தார்.
"கண்டன்சர் அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றேன்.
நல்ல மனுஷியாக இருக்க ஆசைப்பட்டேன்.
போன வருஷம் இரண்டாவதும் போனபோது
பாகம் விற்ற ராமிரோவின் கடைக்குப் போய்
தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
ராமிரோ பாதி விலையைத் திருப்பிக் கொடுத்தான்.
வாங்கிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன்.
எவரிஸ்தோ பிடரியைத் துடைத்தபடி கேட்டார்.
"கம்ப்ரசர் என் செலவு. கூலி வேண்டாம்.
கண்டன்சருக்கு மட்டும் கொடுங்க."
"சரி" என்றார். பிறகு,
"ரெண்டு கோடையிலும் பாதி நாள்
கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேனே, மயெஸ்த்ரா.
வியர்வை நாத்தம்னு ஆளுங்க இறங்கிப் போனாங்களே.
அதுக்கு?"

ஏற்கெனவே இறுகியிருந்த போல்ட்டை
இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

கண்டன்சர், டிரையர், வால்வு,
கழுவ முடிந்த குழாயெல்லாம் கழுவி,
ஒரு மணி நேரம் காற்றை உறிஞ்சி,
கேஜ் முள் அசைகிறதா என்று
நஸாரியோவும் நானும் மாறி மாறிக் காவல்.
அசையவில்லை.
கேஸை எடை போட்டு ஏற்றினேன்.

'டக்.'
அதற்கப்புறம் ஒன்றுமில்லை.
சின்னப் புல்லிக்கும் புது பேரிங் போட்டிருந்தேன்,
பில்லில் எழுதவில்லை.

எவரிஸ்தோ கதவைச் சாத்திக்கொண்டு
வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.
காற்று வரும் இடத்தில்
இரண்டு கைகளும், பிறகு நெற்றியும்.
பிறகு ஷெட்டைச் சுற்றி மெதுவாக ஓட்டி வந்து
கண்ணாடியை நான்கு விரல் அளவு இறக்கினார்.
"பின்சக்கரத்துப் பக்கம் ஏதோ முனகுது.
முன்னாடியே இருந்ததா இது?"

"இருந்திருக்கும்.
அந்த இரைச்சல்ல கேட்கலை."

ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தேன்.
கீழே வைத்துவிட்டு
ஜாக்கியைத் தேடினேன்.