குரும்பை மண்டையோடுகள்

ஓசூரில் வண்டி ஏறும்போதே ஷெரின் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.
அவள் வகுப்பில் எல்லோரும்
ஹாலோவீனுக்கு வேஷம் கட்டுகிறார்களாம்.
அவள் மட்டும்
மாமா கல்லறைக்கு வெள்ளையடிக்கப் போகிறாள்.

டிக்கியில் சுண்ணாம்பு ஒரு டப்பா,
மட்டை பிரஷ்,
மெழுகுவத்தி ஒரு டஜன்,
பிரித்தே பார்க்காத கூடாரம்.
கல்லறைத் திருநாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

வாடிப்பட்டிக்கு முன்னால் சாலையைவிட்டு இறங்கினோம்.
சிறுமலை பாதி மேகத்துக்குள் உட்கார்ந்திருந்தது.
"பாம்பு உண்டு, காய் விழும்,
மத்தபடி பயமில்ல"
என்று இடம் காட்டினார் தென்னந்தோப்புக் காவல்காரர்.

உறைமேல் அச்சடித்த குடும்பம்
சிரித்தபடியே கூடாரம் கட்டியிருந்தது.
எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று,
சேற்றில் போன ஆரோனின் ஒரு செருப்பும்
ஜெசிந்தா என்னோடு பேசாத
இருபது நிமிடமும் தனி.

மழை விட்ட இடைவெளியில்
பிள்ளைகள் தோப்பைப் பொறுக்கினார்கள்.
உதிர்ந்த குரும்பைக்கு ஆணியால் இரண்டு கண்,
கோத்தால் மண்டையோட்டுச் சரம்.
ஈர்க்கு முடைந்து விலா எலும்பு.
கம்பி முறிந்த என் குடையில் இரண்டு வௌவால் கிடைத்தன.
பேய்க்குத் தலையணை உறை போதும்,
ஆனால் அதில் இருந்த மஞ்சள் பூக்களை என்ன செய்வது?
வெகுநேரம் யோசித்த ஆரோன்
பேய்க்கு அம்மை போட்டிருக்கிறது என்று
முடித்துவிட்டான்.

சாம்பாருக்கு என்றுதான்
திண்டுக்கல்லில் அந்தப் பறங்கிக்காயை
எங்களிடம் விற்றாள் ஒருத்தி.
என் கையிலிருந்த கத்தியை ஜெசிந்தா வாங்கிக்கொண்டாள்.
கண் சரியாக வந்தது, மூக்கும்.
மேல்வரிசை செதுக்கும்போது கத்தி வழுக்கி
ஒரு பல் விழுந்துவிட்டது.

கொஞ்ச நேரம் தவளைகள் மட்டும்.
பிறகு ஷெரின்தான் சொன்னாள்,
"எட்வின் மாமா."

கட்டிலடியில் பதுங்கிக்கிடந்து
தாடைக்குக் கீழே டார்ச் அடித்து
அந்த ஒற்றைப்பல் சந்தில் விசில்விட்டு
எங்கள் கல்யாண வீட்டில்
பாதிப் பேரை வாசலுக்கு ஓடவைத்தவன்.
போன மார்ச்சில் பெட்டியைத் தூக்கும்போது
எனக்குத் தோள் வலிக்கவே இல்லை.
அதை இவளிடம் நான் சொன்னதில்லை.

உள்ளே ஏற்றிவைக்க விளக்கு இல்லை.
நான் டிக்கியைப் பார்த்தேன்,
பார்க்காதவன்போல் இருந்தேன்.
அவளே போய்ப் பொட்டலத்தைக் கிழித்தாள்.
மூன்று.

ஒன்பது மணிக்கு ஆட்டு வாடை வந்தது,
பிறகு மணிச்சத்தம், பிறகு சோணைமுத்து.
பக்கத்துத் தோப்பில் கிடை போட்டிருப்பவர்.
நெருப்பு வாயைக் கண்டு நின்றார்.
"எந்த வீட்டுத் திருஷ்டிக்கு?"

"இன்னிக்குப் பேய் வர்ற நாள் தாத்தா."

"வரட்டும்.
கிடைப்பக்கம் மட்டும் வரவேணாம்னு சொல்லிவை,
சினையாடு நாலு கிடக்கு."

இரவெல்லாம் கூடாரம் ஒழுகியது.
நாலு பேரும் ஒரே மூலையில்,
யார் கால் யாருடையது என்று தெரியாமல்.
வெளியே எப்போது அணைந்ததோ.

விடிந்து பார்த்தால்
மாமாவுக்குக் கன்னம் இல்லை.
மேல்வரிசை முழுதும் போயிருந்தது,
ஒரு ஆடு இடது கண்ணை மென்றுகொண்டிருந்தது.
கம்பை ஓங்கி ஓடிவந்த சோணைமுத்து
மடியை அவிழ்த்து, "காய் என்ன விலை?" என்றார்.
ஜெசிந்தா மீதியைக் காலில் வைத்து ஒடித்து
வயிறு பெருத்த ஒன்றின் வாயருகே நீட்டினாள்.
அது முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றது.

சமயநல்லூர் தாண்டும்போது
ஆரோன் எண்ணினான்.
"ஒன்பதுதான் இருக்கு. மாமாவுக்குப் பத்துமா?"
கண்ணாடியில் குரும்பைச் சரம் ஆடியது.
அவள் ஜன்னலை இறக்கி
உதட்டைக் குவித்து
விசிலடித்துப் பார்த்தாள்.
பல்லெல்லாம் இருப்பதாலோ என்னவோ
காற்றுதான் வந்தது.
மறுபடியும் குவித்தாள்.