கடைசி வரிசை

கடை வாசலில் இருந்து எண்ணினால்
நூற்றுப் பதினான்கு கட்டங்கள்.
தள்ளுவண்டி சேர்ப்பவன் நான், எண்ணியிருக்கிறேன்.
கடைசிக் கட்டத்தில், விளக்குக் கம்பத்தை ஒட்டி
வெர்னா கோஸ்கெலா தன் ராம்ப்ளரை நிறுத்துவாள்.
இளம்பச்சை. அறுபத்தேழாம் வருடத்து வண்டி.
டுலூத்தில் சாலைக்கு உப்புத் தூவும் மாதங்களில்
அது வெளியே வராது.
பனி உருகி, முதல் இரண்டு மழை
தெருவைக் கழுவிய பிறகுதான் வரும்.

வாங்குவது பாலும் ரொட்டியும்.
அதற்கு அவ்வளவு தூரம் நடப்பாள்
அறுவை செய்த இடுப்பு ஒரு பக்கம் இழுக்க.
ஏன் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.
விரல் மடக்கத் தொடங்கினாள்:
இரண்டு கதவுக் காருக்குக் கதவு நீளம், அண்டாதே.
பின்னிருக்கையில் குழந்தை நாற்காலி தெரிந்தால் ஓடு.
அடி வாங்கிய கார் அடி கொடுக்க அஞ்சாது.
தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்,
உன் தள்ளுவண்டிகளைக் கேள், அவற்றுக்குத் தெரியும்.
"மனுஷங்களே பிடிக்காதா?"
"மனுஷங்க பரவாயில்லை. கதவைத் திறக்காம இருந்தா."

ஜூனில் ஒரு செவ்வாய்.
முக்கால்வாசி கட்டங்கள் காலி.
செர்ரிப்பழச் சிவப்பில் ஒரு பழைய வோல்வோ
அத்தனையும் தாண்டி வந்து
அவள் காருக்குப் பக்கத்தில் நின்றது.
பால் டப்பாவோடு அவள் வந்த வேகத்தில்
இடுப்பு ஒத்துழைத்தது.
"ஊரே காலியாக் கிடக்கு, இங்கதான் வேணுமா?"
வந்தவர் ப்ரான்ஸ்டாட், தாதுக் கப்பல்களில் சமைத்தவர்.
கதவின் விளிம்பை உள்ளங்கையில் தாங்கி
முட்டைக் கூடையைத் திறப்பதுபோல் திறந்தார்.
"இவ்வளவு தூரத்தில நிறுத்துறவங்க
என் காரை இடிக்க மாட்டாங்க."
அவளுக்கு மறுவார்த்தை வரவில்லை.

பிறகு செவ்வாய்தோறும் இரண்டும் நின்றன.
இடையில் ஒரு மாடு படுத்துப் புரளலாம்,
அவ்வளவு விலகி.
அவர்கள் பேசி நான் அதிகம் பார்த்ததில்லை.
ஒருமுறை அவள் கைக்குட்டையால்
அவர் கண்ணாடியிலிருந்த பறவை எச்சத்தைத் துடைத்தாள்,
அவர் உள்ளே ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தபோது.

அக்டோபரில் கோடுகளுக்குப் புதுச் சாயம் அடித்தார்கள்.
பாதி வரிசையைக் கயிறு கட்டி அடைத்தோம்.
கட்டியது நான்.
மாடு படுக்கும் இடம் போய்
ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் இடம் மிஞ்சியது.
ஏரியிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது.
அவள் கைப்பிடியைத் தொட்டதுதான்,
மீதிக் கதவைக் காற்று திறந்தது.
டக்.
மேசையில் நகம் படுமே, அவ்வளவுதான் சத்தம்.

ராம்ப்ளருக்கும் இரண்டே கதவுகள். நீளமானவை.
விரல் மடக்கியபோது அவள் அதைச் சொல்லவில்லை.
எனக்கும் தோன்றவில்லை.

போயிருக்கலாம். சீட்டு எழுதி வைத்திருக்கலாம்.
அடிபட்ட இடத்தைக் கையால் மூடியபடி நின்றாள்,
எதையோ உடைத்துவிட்ட பிள்ளை மாதிரி,
அரைமணிக்கு மேல், மூக்கு சிவக்க.
அவர் வந்தார். அவள் கையை எடுத்து அப்பால் வைத்தார்.
கட்டைவிரலால் தடவினார்.
பட்டாணி அளவு பள்ளம்.
அதன் நடுவில் இளம்பச்சைப் புள்ளி.
"முப்பத்தோரு வருஷம்," என்றார்.
வேறெதுவும் இல்லை.
ஏறி உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்தினார்,
எல்லோரும் சாத்துவதுபோல், ஓங்கி.

அடுத்த செவ்வாய் வோல்வோ வாசலருகே நின்றது,
சேறு படிந்த இரண்டு வேன்களுக்கு நடுவில்.
என் தள்ளுவண்டி ஒன்று உருண்டுபோய்
அதன் பின்பக்கம் சாய்ந்து கிடந்தது.
நான் எடுக்கப் போகுமுன்
நூற்றுப் பதினான்காம் கட்டத்திலிருந்து
அவள் வந்து சேர்ந்திருந்தாள்.
மெல்லப் பின்னுக்கு இழுத்தாள்,
இடைவெளியில் வேறு எதுவும் உரசாமல்.
கை நீட்டினேன், கொடுக்கவில்லை.
ஒரு சக்கரம் கிறீச்சிட
அடுக்கும் கம்பிவரை அவளே தள்ளிக்கொண்டு போனாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.
பார்த்தாரா, தெரியாது.

மறுநாள் உப்பு லாரிகள் கிளம்பின.