முந்திரி

அமைச்சகத்தின் நான்காம் மாடி.
வெளியே பனியும் மழையும் கலந்து சன்னலில் வழிகிறது.
மேசை நடுவில் கண்ணாடிக் கிண்ணம்,
உப்புத் தூவி வறுத்த முந்திரி.
எல்ஸ்பெத் அறிக்கையைத் திறக்கிறாள்.

நூறு ரூபாய்க்கு எழுபது காசு தருகிறோம் என்று
இந்த நாடு வாக்குக் கொடுத்தபோது
அவள் பிறக்கவில்லை.
இந்த வருடம் தந்தது முப்பத்தொரு காசு.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருந்தது,
பழைய வாய்ப்பாட்டோடு தொலைந்த சொல்.
ஒன்றை முந்நூற்று இருபதாக நறுக்கினால்
கையில் ஒட்டும் துணுக்கு: முந்திரி.
ஏறக்குறைய அதே அளவு.
சிரிப்பதா என்று தெரியவில்லை எனக்கு.
அவர்களுக்கு இது தெரியாது. கொறிக்கிறார்கள்.

"அந்த முப்பத்தொன்றிலும்
ஒன்பது காசு நம் ஊர் விடுதிகளுக்கே போயிற்று.
கடல் தாண்டி வந்தவர்களுக்குப் படுக்கை, சூப்பு.
நல்ல செலவுதான்.
ஆனால் அந்தக் காசு எல்லை தாண்டவில்லை.
நாலு காசு ஆலோசகர்களுக்கு.
நானும் அதில் உண்டு, என் மழைக்காலணி உட்பட."
யோரிஸ் இருமுகிறார்.
துணைச் செயலர் சன்னலைப் பார்க்கிறார்.

அறிக்கையில் இல்லாதது:
நம்புலாவுக்கு வடக்கே, மண்சாலை தீருமிடத்தில்
ஒரு மருந்தகம், அதில் தடுப்பூசிக் குளிர்பெட்டி.
மூடியில் நாட்டுக்கொடி ஒட்டியிருக்கிறது,
வெளுக்கவில்லை, நல்ல பசை.
பேட்டரி செத்துப் பதினான்கு மாதம்.
உள்ளே செவிலி முவனாஷாவின் சோற்றுத் தூக்கு.
பெட்டி பயன்படுகிறதா? படிவத்தின் ஆறாம் கேள்வி.
"பயன்படுகிறது. எறும்பு ஏறுவதில்லை."

பிறகு அவள் கேட்டாள்,
நீங்கள் வந்துபோக எவ்வளவு ஆகும்?
எல்ஸ்பெத் மறைக்காமல் சொன்னாள்.
முவனாஷா விரல் மடக்கி எண்ணினாள்,
நுனி கறுத்த விரல்கள்.
சம்பளம் வராத மாதங்களில்
இரவில் முந்திரி உடைக்கப் போகிறாள்,
ஓட்டெண்ணெய் தோலைத் தின்றுவிடும்.
"ஆறு பேட்டரி," என்றாள்.
கோபமில்லை. சந்தையில் விலை விசாரித்த குரல்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
இங்கே அளக்க ஆள் இருக்கிறது, படி இருக்கிறது,
அளந்தவரை அளக்கவும் தனிப்பிரிவு இருக்கிறது.
போட்டதைத் தேடி ஆற்றில் இறங்கினால்
கணுக்கால் நனையவில்லை.

"பூஜ்யம் புள்ளி மூன்றுக்கு மேல்
என்று எழுதிவிடலாமே," என்கிறார் துணைச் செயலர்.
"மேல் என்பது நல்ல சொல்."
யோரிஸ் அதைக் குறித்துக்கொள்கிறார்.

கூட்டம் கலைகிறது.
கிண்ணத்தில் ஒரே ஒரு பருப்பு,
மரியாதைக்காக யாரும் தொடாதது, அதுவும் பாதி.
எல்ஸ்பெத் எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்கிறாள்.
மின்தூக்கியில் இறங்கும்போது யோசிக்கிறாள்,
இதை வரவில் எழுதுவதா,
செலவிலா.