கொக்கி

எனக்குச் சம்பளம் காதுக்கு.
பியாபோன் நெல் ஆலை முற்றத்தில்
கூட்டம் நடக்கும் நாளெல்லாம்
மேடைக்குக் கீழே ஒரு பெஞ்சு, மூன்று பென்சில்,
பின்கழுத்தில் ஊரின் கண்கள்.
பேசுகிறவன் மூச்சுவிடும் இடத்தில்தான்
நானும் மூச்சு விடுவேன்.

வரிக்குக் குறி இருந்தது. நெல்விலைக்கு இருந்தது.
வட்டி, பட்டினி, மாட்சிமை தங்கிய மன்னர்
எல்லாவற்றுக்கும் போலீஸ் பயிற்சிப் பள்ளியில்
ஒரு கோடோ சுழியோ கொடுத்திருந்தார்கள்.

தகின் என்ற சொல்லுக்கு மட்டும் இல்லை.
துரை என்று பொருள். வெள்ளைக்காரரை
நாங்கள் கூப்பிடுவது.
அதை ஒருவன் தன் பெயருக்கு முன்னால்
போட்டுக்கொள்வான் என்று
பாடம் எழுதியவர் நினைக்கவில்லை.

திட் லுவின். படகுக்காரர் மகன்.
யோ மலைக் கைலி, கைத்தறிச் சட்டை,
உள்ளே எண்ணிவிடலாம் எலும்பை.
"நான் தகின் திட் லுவின்" என்றான்.
முற்றம் சிரித்தது. பிறகு சிரிக்கவில்லை.
"தவிடு அளக்கும் அக்கா, நீங்கள் தகின்மா.
கீழே எழுதிக்கொண்டிருக்கும் அண்ணா,
நீங்களும் தகின்."
அதையும் எழுதினேன். அதற்குத்தான் சம்பளம்.

சூப்பிரண்டு ஹார்க்னெஸ் அறிக்கையில்
சிவப்பு மையால் அந்தச் சொல்லை அடித்தார்,
பதினேழு இடத்தில். பதினெட்டாவது
கண்ணில் படவில்லை.
அது அழைப்பாணையில் ஏறி
நீதிமன்றம் வரை போய்விட்டது.

மழை வெளுத்து வாங்கிய காலை.
டவாலி போ தௌக்,
முப்பது வருடமாய்க் கொலைகாரரையும் கோழித்திருடரையும்
ஒரே குரலில் கூப்பிட்டவர்,
தாளைப் பார்த்தார், வாசலுக்குப் போனார்.
தகின் திட் லுவின்.
தகின் திட் லுவின்.
மூன்றாவது முறை, சத்தியமாய்ச் சொல்கிறேன்,
சட்டத்துக்குத் தேவையானதைவிடக்
கொஞ்சம் நீட்டினார்.
உள்ளே நாற்காலியில் இருந்த துரை
தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று
அரைக் கணம் தலை தூக்கினார்.

ஒன்பது மாதம் கடுங்காவல்.

அதற்குப் பிறகு கூட்டம் பெருத்தது,
மேடையில் ஒருவர் விடாமல் தகின்.
முழுச் சொல்லாய் எழுதிக் கை ஓயவே
நானே ஒரு குறி செய்தேன்:
தூண்டில் முள் மாதிரி சின்னக் கொக்கி.
வேலைக்காக. வேறெதற்கும் இல்லை.

இப்போது அது தானாக விழுகிறது,
சந்தைக்கணக்கின் தலைப்பில்,
என் பெயருக்கு முன்னால்.
இது என்ன என்றாள் மா கின் யீ.
மீன் ஙாப்பி, அரை வீசை என்றேன்.

வாங்கி வந்துவிட்டாள்.
வீடு முழுக்க நாற்றம்.